ரேடாரும் ஒரு பர்ஸோவும்

எனக்கு ஆறு மொழிகள் தெரியும். இதை நான் சொல்லாமல் விட்ட இடங்கள் குறைவு. திருச்சியில் பள்ளிக்கூட நாட்களிலேயே ஹிந்திப் பரீட்சைகள் அத்தனையும் எழுதி, கடைசிப் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். அந்தப் பதக்கம் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காவிட்டால் நானே விளக்கைப் போட்டுக் காட்டுவேன்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக நான் வாழும் நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மலை, பனி, வால்நட், ஆப்ரிகாட் என்று சொன்னால் புத்திசாலிகள் ஊகித்துக்கொள்வார்கள். ஊகித்ததைத் தங்களோடு வைத்துக்கொள்ளட்டும். அங்கே பல்கலைக்கழகத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுக்கிறேன். இந்தியாவைச் சொல்லும்போதும் எனக்கு ‘நாங்கள்’ என்றுதான் வரும், அந்த நாட்டைச் சொல்லும்போதும் ‘நாங்கள்’ என்றுதான் வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு எங்களுக்கு நெடுநாளாக ஆகாது. அவர்களுக்கு ஆயுதம் கொடுக்கப் பெரிய சிநேகிதர்கள் உண்டு. அங்கே புதிதாக ஏதாவது வந்து இறங்கினால் இந்தப் பக்கம் எல்லைக் கிராமங்களில் தூக்கம் போய்விடும். எங்களுக்கும் ஒரு சிநேகிதர் வேண்டும் என்று தேடியதில் இந்தியா கிடைத்தது. ஹைதராபாதில் எங்களுக்காக ரேடார் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அதில் பாதியை நானே செய்ததுபோல நாலு பேருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

அந்த ரேடாரைச் சோதித்து வாங்கிவர நாலு அதிகாரிகள் புறப்பட்டார்கள். கூட்ட அறைக்கு அவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலம் போதும். பட்டறைக்குப் போதாது. பட்டறை ஆட்கள் பேசும் ஹிந்தி தெரிந்த ஆள் அந்த நாட்டில் நான்தான். அழைப்பு வந்தபோது அடக்கமாகச் சரி என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஹைதராபாதில் இறங்கினோம். குழுவின் தலைவர் ஒரு கர்னல். அவர் பெயரும் வேண்டாம். ஐம்பத்தைந்து வயது, நரைத்த புருவம், சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும் என்பதுபோல ஒரு முகம். விமான நிலைய வாசலுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். எங்களை ஏற்றிப்போக வந்த டிரைவரோ ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டிருந்தார். “இவருக்கு உடம்பு சரியில்லையா?” என்று கர்னல் என்னிடம் கேட்டார். “ஜனவரி மாதம் சார், குளிர் தாங்க முடியவில்லை” என்று டிரைவர் சொன்னதை மொழிபெயர்த்தேன். கர்னல் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தங்கிய இடம் செகந்திராபாதில். அன்று மதியமே தொழிற்சாலை. வாசலில் போனை வாங்கிக்கொண்டார்கள், கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்கள், என் வளையல் இயந்திரத்தில் கீச்சென்று கத்தியதும் அதையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே பெரிய கொட்டகையில் பச்சை லாரி ஒன்றின் முதுகில் அது நின்றது. பெரிய கதவு ஒன்றை நிமிர்த்தி வைத்ததுபோல் ஆன்டெனா, அதன் அடியில் சுற்றும் வட்டமேடை. நான் ரேடாரை அதற்குமுன் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் ஆட்கள் செய்தது, எங்கள் ஆட்கள் வாங்குவது. இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம்.

குழுவில் ஓர் இளைய அதிகாரி ஆர்வத்தில் ஆன்டெனாவைத் தொடப் போனார். “அட, கை வெக்காதீங்கப்பா” என்று பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு, சுத்தத் தமிழில். திரும்பிப் பார்த்தேன். சாம்பல் நிறச் சட்டை, காதில் செருகிய பென்சில், அறுபதை நெருங்கும் மனிதர். “அவருக்குத் தமிழ் தெரியாது சார், எனக்குத் தெரியும்” என்றேன். அவருக்கு முகமெல்லாம் பல்.

தரக் கட்டுப்பாட்டில் மூத்த இன்ஸ்பெக்டர், பெயர் ஞானசேகரன். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். இவர் தமிழ்நாட்டில் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ஆனால் வேலூர்த் தமிழ் நாக்கில் அப்படியே இருந்தது, நடு நடுவே ஹைதராபாத் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு. “காபி நக்கோ மேடம், டீ சொல்லியிருக்கேன்” என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. இவரோடு ஹிந்தி பேச வேண்டியதில்லை, தாய்மொழியிலேயே வேலை நடக்கும், தப்புக்கு இடமே இல்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வேலை. ரேடாரில் என்னென்ன பரிசோதனைகளைத் திரும்பச் செய்துபார்க்க வேண்டும் என்று கர்னல் ஒரு நீளப் பட்டியல் கொண்டுவந்திருந்தார். நாளோ கொஞ்சம். அடுத்த புதன்கிழமை சரக்கு விமானம். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று எவருக்கும் தெரியாது. எங்கள் மலையில் பனி உருகினால் கணவாய்கள் திறக்கும், திறந்தால் அந்தப் பக்கத்துப் பீரங்கிகள் மேலே ஏறிவிடும். அதற்குமுன் ரேடார் போய் நிற்க வேண்டும். அதனால் தொழிற்சாலை அண்மையில் செய்து முடித்ததை விட்டுவிடலாம், மற்றதை மட்டும் பார்க்கலாம் என்று ஏற்பாடு. சான்றிதழ்க் கட்டு கடைசி நாள்தான் மேசைக்கு வரும் என்பதால் ஒவ்வொன்றாக வாயால் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தோம்.

குளிர் பரிசோதனை வந்தது. வட்டமேடையைச் சுற்றவைக்கும் பேரிங் எங்கள் மலைக் குளிரில் உறையாமல் ஓடுமா என்று குளிர் அறையில் வைத்துப் பார்ப்பது. இது எப்போது செய்தது என்று கேட்கச் சொன்னார் கர்னல்.

“அதுவா, பர்ஸோ பண்ணிட்டோம் மேடம். பக்காவா பாஸ் ஆச்சு” என்றார் ஞானசேகரன்.

பர்ஸோ. ஹிந்தியில் முந்தாநாளும் பர்ஸோதான், நாளை மறுநாளும் பர்ஸோதான். ‘பண்ணிட்டோம்’ என்று இறந்தகாலம் இருப்பதால் இது முந்தாநாள். முதல் வருட மாணவர்களுக்கு முதல் மாதத்திலேயே இதை நடத்துவேன். நிமிர்ந்து உட்கார்ந்து, “முந்தாநாள், புதன்கிழமை” என்று கர்னலிடம் சொன்னேன். கிழமையை அவர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

கர்னல் பட்டியலில் அந்த வரியின் மேல் கோடு போட்டார். “நல்ல மொழிபெயர்ப்பாளர் இருந்தால் இரண்டு நாள் மிச்சம்” என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததற்காக அன்று சாயங்காலம் செகந்திராபாத் கடைத்தெருவில் நானே எனக்கு இரானி டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். தொட்டுக்கொள்ள பிஸ்கட், அதுவும் இரண்டு.

சனிக்கிழமை ஊருக்கு வெளியே ராணுவ மைதானம். பாறையும் முள்ளுமாகக் கிடந்த வெட்டவெளி. தொலைவில் எங்கோ ஒரு பீரங்கி, இங்கே லாரிக்குள் திரையின் முன்னால் நாங்கள். திரையில் ஒரு புள்ளி எழும்பியது. அது எங்கிருந்து கிளம்பியது, எங்கே விழும் என்று இரண்டு வட்டங்கள் வந்தன. அதற்கப்புறம்தான் வெடிச்சத்தம் எங்கள் காதுக்கு வந்தது. கர்னல் இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். ஏழு முறையும் புள்ளிக்குப் பின்னால்தான் சத்தம். ஞானசேகரன் காதில் இருந்த பென்சிலை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். அவ்வளவுதான் அவருடைய கொண்டாட்டம். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல் இருந்தது. லாரிக்குள் எழுந்து நின்றால் தலை இடிக்கும்.

பொட்டலத்தில் வந்த புளியோதரையை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். “இது சுடாது, பார்க்கும். எனக்கு அதுதான் பிடித்தது” என்றார் கர்னல். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார். “ஆனால் அவன் பீரங்கி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் எங்கள் பீரங்கிக்கு வேலை வந்துவிடும். அது அவனுக்கும் தெரியும். இந்தச் செய்தி பேப்பரில் வந்த மறுவாரமே அவன் தன் சிநேகிதனிடம் போய் நிற்பான். நம்மைக் காப்பாற்றிக்கொள்ள வாங்குகிறோம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தாக்குவதற்கு வாங்குவதுபோல இருக்கும்.”

நான் தமிழில் சொன்னதும் ஞானசேகரன் தலையை ஆட்டினார். “எங்க தெருவுல பக்கத்து வூட்டுக்காரரு கேமரா மாட்டினாரு மேடம். அது நம்ம கேட்ட பாக்குது. நான் சும்மா இருப்பேனா? நானும் ஒண்ணு மாட்டினேன், அது அவர் கேட்ட பாக்குது. இப்ப ரெண்டு வூட்டுலயும் பேச்சுவார்த்தை இல்ல. கேமரா ரெண்டும்தான் ஒண்ண ஒண்ணு பாத்துக்கினு இருக்குதுங்க.”

இதை மொழிபெயர்த்தபோது கர்னல் மேலிடத்து அனுமதி இல்லாமலே சிரித்துவிட்டார். பிறகு, திருட்டு நின்றதா என்று கேட்கச் சொன்னார். “எங்க தெருவுல எப்பவும் திருட்டு இல்லியே” என்றார் ஞானசேகரன்.

ஞாயிற்றுக்கிழமை கர்னலையும் என்னையும் ஞானசேகரன் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீடு லோத்குண்டாவில். போகும் வழியில் ராணுவக் குடியிருப்பின் கேட் ஒன்று அடைத்திருந்தது. சிப்பாய் சுற்றிப் போகச் சொன்னார். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கும் அதையே சொன்னார். எங்கள் டிரைவர் புலம்பினார். கர்னலோ சிப்பாய்க்கு சல்யூட் வைத்துவிட்டு, “எல்லா நாட்டிலும் ராணுவத்துக்கு ஒரே ஒரு பதில்தான், சுற்றிப் போ” என்றார்.

இரண்டு வீட்டுக் கேட்டிலும் கேமராக்களைப் பார்த்தேன். சொன்னது போலவே முறைத்துக்கொண்டு நின்றன. உள்ளே ஞானசேகரனின் மனைவி மல்லிகா மட்டன் குழம்பு, கோங்குரா துவையல், வெள்ளரிக்காய்ப் பருப்பு என்று மேசையை நிறைத்திருந்தார். கோங்குராவை எங்கள் ஊரில் புளிச்சக்கீரை என்போம் என்றேன். “பேரு எதுவா இருந்தா என்னக்கா, சாப்டுங்க” என்றார். மகள் கீர்த்தனா வேலைக்குப் போகிறவள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஹிந்தியில் பதில் சொன்னாள். கர்னல் மிளகாய் ஊறுகாயை ஜாம் என்று நினைத்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தும் முகம் மாறவில்லை. பயிற்சி அப்படி.

கடைசியில் கிண்ணத்தில் இனிப்பு வந்தது. ஒரு வாய் வைத்ததும் கர்னல் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். “இது ஆப்ரிகாட்” என்றார். ஆமாம், குபானி கா மீட்டா, காய்ந்த ஆப்ரிகாட்டை வேகவைத்துச் செய்வது, இந்த ஊர்க் கல்யாணங்களில் இல்லாமல் இருக்காது என்று மல்லிகா சொன்னதைச் சொன்னேன். “இது எங்கள் பழம்” என்றார் அவர். இரண்டாவது கிண்ணம் சாப்பிடும்போது தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். எல்லை ஆற்றங்கரையில் அக்காவுக்கு ஆப்ரிகாட் தோட்டம். ஆற்றுக்கு அந்தக் கரையிலும் அதே பழத் தோட்டங்கள். குண்டு விழும்போது அக்கா நிலவறைக்குள் இறங்க வேண்டும். எழுபது வயது, முழங்கால் வலி. சத்தம் கேட்டபிறகு இறங்கத் தொடங்கினால் நேரம் பற்றாது. சத்தத்துக்கு முன்னால் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்த ரேடார் என்றார். அவர் ஏன் சனிக்கிழமை ஏழு முறை பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கை கழுவிவிட்டு வரும்போது சுவரில் ஒரு படம் பார்த்தேன். சார்மினார் முன்னால் இவர்கள் குடும்பம், நடுவில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி. எப்போது எடுத்தது என்று கேட்டேன்.

“அது பர்ஸோ எடுத்ததுக்கா” என்றார் மல்லிகா.

படத்துச் சிறுமியைப் பார்த்தேன். சோபாவில் உட்கார்ந்திருந்த கீர்த்தனாவைப் பார்த்தேன். “பர்ஸோன்னா?” என்று கேட்டேன்.

“பர்ஸோன்னா முன்னாடிக்கா.”

கீர்த்தனா சிரித்தாள். “ஆன்ட்டி, ஹைதராபாதில் பர்ஸோவுக்கு எல்லையே கிடையாது. போன மாதமும் பர்ஸோ, நான் பிறந்ததும் பர்ஸோ, நிஜாம் காலமும் பர்ஸோதான்” என்றாள் ஹிந்தியில்.

ஞானசேகரனைச் சமையலறைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன். “சார், அந்தக் குளிர் டெஸ்ட் பர்ஸோ பண்ணோம்னீங்களே. தேதி என்ன?”

“மழைக்கு முன்னாடி மேடம். ஜூன்ல. கைக்கு?”

“அதுக்கப்புறம் பேரிங்ல எதாவது மாத்தினீங்களா?”

அவர் கையில் தண்ணீர் ஜாடி இருந்தது. அதை மெதுவாக வைத்தார். “கிரீஸ் மாத்தினோம். பழைய கிரீஸ் கம்பெனிக்காரன் போடறத நிறுத்திட்டான். புதுசு காயிதத்துல எல்லாம் கரெக்டா இருந்துச்சு. நீங்க லிஸ்ட்டுல கோடு போட்டீங்களே, அவங்க ஊருக்குப் போயி நெஜக் குளிர்லயே பாத்துக்குவாங்கன்னு நெனச்சுக்கினேன். வாய் தொறந்து கேட்டிருக்கணும். கேக்கல.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் ரேடார் ஞாபகம் வரவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பதக்கம்தான் வந்தது. நான் கர்னலிடம் சொன்னது தப்பு என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சான்றிதழில் ஜூன் என்று இருந்தாலும் கடைசி நாள் அவசரத்தில் எவர் கவனிக்கப் போகிறார்? கிரீஸும் ஒருவேளை நல்ல கிரீஸாகவே இருக்கும். புதன்கிழமை விமானம் கிளம்பிவிடும், எல்லோரும் பாராட்டுவார்கள். இப்படி ஒரு நாலு வாக்கியம் மனசுக்குள் ஓடியது. ஐந்தாவது வாக்கியத்தில் முழங்கால் வலியோடு ஒரு பெண் நிலவறைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், மேலே மலையில் ரேடார் சுற்றாமல் நின்றிருந்தது.

போய்க் கர்னலின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தவறு என்னுடையது, அவருடையது அல்ல என்றும் சொன்னேன். ஞானசேகரன் பின்னாலிருந்து, “என் தப்புன்னு சொல்லுங்க மேடம்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், அதுதானே என் வேலை. கர்னல் கிண்ணத்தை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“முந்தாநாள் என்று மட்டும் சொல்லியிருந்தால் ஒருவேளை இன்னொரு முறை கேட்டிருப்பேன். நீங்கள் புதன்கிழமை என்றீர்கள்” என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வகுப்புக்கு வெளியே நின்றதுபோல் இருந்தது. அவர் அடுத்துக் கேட்டது, “எத்தனை மணி நேரத்தில் பார்க்க முடியும்?” என்றுதான்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் குளிர் அறை காலியில்லை, வேறு ஏதோ உள்ளே போயிருந்தது, வியாழன்வரை திறக்க முடியாது. ஞானசேகரன் விறுவிறுவென்று மூன்று அதிகாரிகளிடம் ஏறி இறங்கி ஒரு கடிதம் வாங்கிவந்தார். ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மல்லிகாவின் தம்பி வேலை செய்கிறார், அங்கே உறைகுளிர் அறை இருக்கிறது, உதிரி பேரிங் இரண்டை அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. ஒன்றில் புதுக் கிரீஸ், இன்னொன்றில் அலமாரியில் மிச்சமிருந்த பழைய கிரீஸ். “பேரிங்ல என்ன ரகசியம், சைக்கிள்ல கூடத்தான் இருக்குது” என்றார்.

பாதி வழியில் எங்கள் கார் புகைவிட்டு நின்றது. ஆட்டோ பிடித்தோம். மூன்று பேரும் நெருக்கி உட்கார, ஒரு பேரிங் கர்னல் மடியில், இன்னொன்று ஞானசேகரன் மடியில். ஆளுக்கொரு பெரிய உளுந்து வடையை வைத்திருப்பதுபோல இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, வெள்ளைக்காரர் என்ன வாங்கிக்கொண்டு போகிறார் என்று கேட்டார். இவர் மலை நாட்டுக்காரர், இது அவர் வண்டிச் சக்கரத்துக்கு என்றேன். அந்த ஊரில் பிரியாணி கிடைக்குமா என்றார். கிடைக்காது என்றதும், “அப்படியென்றால் எதற்குத் திரும்பிப் போகிறார்?” என்றார். மொழிபெயர்த்தேன். கர்னல் அதைத் தன் மனைவியிடம் சொல்வதற்காகக் குறித்துக்கொண்டார்.

மருந்துத் தொழிற்சாலையில் தலைக்கு உறை, காலுக்கு உறை, மேலே வெள்ளை அங்கி. மூன்று பேரும் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள்போல் நின்றோம். மல்லிகாவின் தம்பி, இங்கிருந்து போகாத நாடு கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். கர்னல் சட்டைப் பையிலிருந்து தன் ரத்தக்கொதிப்பு மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் தெலங்கானா என்று இருந்தது. மூன்று வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறார், இன்றைக்குத்தான் பார்க்கிறார். எனக்குத் தாங்க முடியவில்லை, அந்த அட்டையை வாங்கி ஞானசேகரனிடமும் காட்டினேன். பேரிங்குகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையைத் திறந்தார்கள். வெளியே வந்த குளிரில் கர்னல் மட்டும் சுகமாக மூச்சு விட்டார். ஞானசேகரன் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு பழைய கிரீஸ் பேரிங்கை ஒரு விரலால் தள்ளினார். அது சுற்றியது. புதுக் கிரீஸ் பேரிங்கை ஒரு விரலால் தள்ளினார். பிறகு உள்ளங்கையால். பிறகு இரண்டு கையாலும். கர்னல் தானும் கையுறை போட்டுக்கொண்டு அதை வாங்கி முழு பலத்தையும் போட்டுப் பார்த்தார். அசையவில்லை.

“இந்தக் கிரீஸ் காயிதத்துல என் கையெழுத்து இருக்குது மேடம்” என்றார் ஞானசேகரன். அவர் கண் சிவந்திருந்தது. குளிரால் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மொழிபெயர்த்தேன். கர்னல் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பல நாடுகளில் சாமான் வாங்கியிருக்கிறேன். ஓடுகிறதைக் காட்டியிருக்கிறார்கள். ஓடாததைத் தாங்களே எடுத்துவந்து காட்டினவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்” என்றார். அதை ஞானசேகரனிடம் தமிழில் சொன்னேன். ஆறு மொழியிலும் நான் இதுவரை பேசியதில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான்.

அன்றே கர்னல் தன் தலைநகரத்துக்குப் போன் செய்து, விமானத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளச் சொன்னார். மறுமுனையில் கத்தியது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது. அதை மொழிபெயர்க்கும்படி ஞானசேகரன் கேட்டார், மறுத்துவிட்டேன். பழைய கிரீஸுக்கு நிகரானதை ஊரெல்லாம் தேடிப் பிடித்து, வட்டமேடையைப் பிரித்துத் துடைத்து, மறுபடி பூட்டி, வெள்ளிக்கிழமை முழு மேடையையும் குளிர் அறையில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. சான்றிதழில் ஞானசேகரன் கையெழுத்துப் போட்டு, தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதி, என்னிடம் காட்டிவிட்டுத்தான் மூடினார். நான் அதை நாள், மாதம், வருடம் என்று கர்னலுக்கு வாசித்தேன். கிழமை சேர்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் பதக்கத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. வாங்கினது வாங்கினதுதான். ஆனால் முதல் மாதப் பாடத்தில் பர்ஸோவுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் இப்போது நடத்துகிறேன்.

பனி உருகி ஆப்ரிகாட் மரங்கள் பூத்தபிறகு ஒருநாள் கர்னலிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டிலிருந்து பேசினார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. ரேடார் மலையில் நிற்கிறது, சுற்றுகிறது என்றார். கிராமத்தில் கடைசியாகக் குண்டு விழுந்தது எப்போது என்று கேட்டேன்.

“பர்ஸோ” என்றார்.

“டில்லி பர்ஸோவா, ஹைதராபாத் பர்ஸோவா?”

“ஹைதராபாத் பர்ஸோ” என்று சொல்லிவிட்டு, அனுமதி வாங்காமல் சிரித்தார். ரேடார் வந்து நின்ற பிறகு ஒன்றுகூட விழவில்லையாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எப்படி என்று கேட்டேன். “அவர்கள் சுடவில்லை, அதனால் நாங்கள் பதில் சொல்லவில்லை. அங்கேயும் அதே பர்ஸோதான். அவன் சிநேகிதனிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டு வருவான் என்று தெரியாது. இந்த வருடம் இரண்டு கரையிலும் பழம் பறிப்பார்கள்” என்றார்.

உடனே ஞானசேகரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, “பேரிங் சுத்துதா மேடம்?” என்றுதான். சுத்துது சார் என்றேன். அந்தாண்டப் பக்கம் எப்படி என்றார். அதையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“நம்ம வூட்டு கேமராவ எங்க கேட் பக்கமே திருப்பி வெச்சுட்டேன் மேடம். ரெண்டு நாள் பாத்துட்டு பக்கத்து வூட்டுக்காரரும் திருப்பிக்கினாரு. இப்ப பேசறோம்.”

“எப்ப சார்?”

“பர்ஸோ” என்றார்.

“தேதி சொல்லுங்க சார்” என்றேன்.